ஒப்டாமின் கப்பல் 1666 சண்டையில் இருந்ததா?

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு டச்சுப் போர்க்கப்பல் படம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘ஏன்ட்ராக்ட், தளபதி ஒப்டாமின் கொடிக்கப்பல், 1666 நான்கு நாள் சண்டை’ என்கிறார் விற்பவர். விலை அதிகம். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ஒப்டாமின் ஏன்ட்ராக்ட் 1665 ஜூன் 13 அன்று ஆங்கிலேயருடன் நடந்த லோஸ்டாஃப்ட் சண்டையில் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 400 பேரில் ஐந்தே பேர் பிழைத்தார்கள். ஒப்டாமும் அன்றே இறந்தார். 1666இல் சண்டையிட்டது அதே பெயரில் புதிதாகக் கட்டிய கப்பல். அதில் தளபதிக் கொடி ஏற்றியவர் ஆர்ட் வான் நெஸ்.

பெயர் ஒன்றாக இருந்தால் புகழ்பெற்றவர் பெயரை ஒட்டி விலையை ஏற்றுவது இடைத்தரகர்களின் பழைய வேலை. எந்தக் கடற்படை வாரியம், கட்டிய ஆண்டு, தலைமை தாங்கியவர் யார் என்று மூன்றையும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

டச்சுக் கடற்படை ஒரே நிர்வாகத்தில் இல்லை. ஐந்து வாரியங்கள் தனித்தனியே கப்பல் கட்டித் தாமே பெயரும் வைத்தன. அதனால் வாரியம் தெரிந்தாலே பெரும்பாலும் குழப்பம் தீரும். உங்கள் விஷயத்தில் மட்டும் தீராது. ஒப்டாமுடையதும் வான் நெஸ்ஸுடையதும் ராட்டர்டாமின் மாஸ் வாரியக் கப்பல்கள். விற்பவர் ‘மாஸ் வாரியம்’ என்று சரியாகவே சொல்வார், நீங்களும் திருப்தியாகிவிடுவீர்கள். அது எதையும் நிரூபிக்காது. இங்கே ஆண்டும் ஆளும்தான் சாட்சி.

பீரங்கிகளை எண்ணி முடிவுக்கு வராதீர்கள். ஒப்டாமின் கப்பலே ஐம்பது சொச்சம் பீரங்கிகளோடு தொடங்கி எழுபதைத் தாண்டியது. தேதியையும் கவனியுங்கள்: நாட்காட்டி வேறு என்பதால், ஆங்கிலேயர் ஜூன் 3 என்று எழுதியதுதான் ஹாலந்தில் ஜூன் 13. இரண்டு சண்டைகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கப்பலின் பின்புறம் தெரிகிறதா பாருங்கள். பெயரின் பொருளை அங்கே சிற்பமாகச் செதுக்குவது அன்றைய டச்சு வழக்கம். ‘ஏழு மாகாணங்கள்’ கப்பலில் ஏழு மாகாணங்களின் சின்னங்களும் இருந்தன. நான்கு நாள் சண்டையைச் சிறு படகில் இருந்தபடியே வரைந்த மூத்த வில்லெம் வான் டெ வெல்டெ இந்தச் சிற்பங்களை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். ஒப்பிட அவர் கோட்டோவியங்களே நல்ல துணை.

வாரியங்களின் ஆவணங்களில் பெரும்பகுதி 1844 தீவிபத்தில் அழிந்தது. எஞ்சியதையாவது ஒழுங்காக அடுக்கக்கூடாதா? ஒரே பெயருள்ள கப்பல்களை எல்லாம் ஒரே தலைப்பில் கொட்டிவிடுகின்றன ஏலப் பட்டியல்கள். எத்தனை முறை எழுதினாலும் திருத்துவதில்லை. தரகர்கள் அதையே ஆதாரமாக நீட்டுகிறார்கள்.

பணம் கொடுக்கும் முன், படத்தின் கீழ் விளிம்பு எழுத்தையும் பின்பக்கத்தையும் புகைப்படமாகக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘ஒப்டாம்’ இல்லையென்றால் அது விற்பவர் சேர்த்த பெயர்.