காரை மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள்: ஜெர்மனியின் பழைய ஊர்கள், கேள்வி பதில்

ஷ்டுட்கார்ட் பக்கம் குடியேறிப் பதினைந்து வருடமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு மதில் சூழ்ந்த பழைய ஊருக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஜெர்மனியில் தாங்களே கார் ஓட்டிச் சுற்ற நினைப்பவர்கள் கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து: பிராங்க்பர்ட்டில் இறங்கி மியூனிக்கில் விமானம் ஏறுகிறோம். எட்டு நாள். ஹைடல்பெர்க், வூர்ஸ்பூர்க், பாம்பெர்க், நியூரம்பெர்க், ரேகன்ஸ்பூர்க், ரோத்தன்பூர்க், டிங்கெல்ஸ்பூல், நோர்ட்லிங்கென், ஆக்ஸ்பூர்க், ஃபூஸென் என்று பத்து ஊர் எழுதி வைத்திருக்கிறோம். சரிவருமா?

வராது. காரில் போய்விடலாம், ஆனால் பார்த்ததாகாது. முதல் ஐந்தில் வூர்ஸ்பூர்க்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது ஒரே கோட்டில் வரும். பிராங்க்பர்ட்டிலிருந்து வூர்ஸ்பூர்க் சுமார் 120 கிலோமீட்டர். அங்கே இரண்டு இரவு. ரோத்தன்பூர்க்கில் ஒன்று. வழியில் டிங்கெல்ஸ்பூலில் மதியச் சாப்பாடு, அப்புறம் நோர்ட்லிங்கெனில் இரண்டு இரவு. ஆக்ஸ்பூர்க்கில் ஒன்று, ஃபூஸெனில் ஒன்று. எந்த நாளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியிருக்காது.

இந்தக் கோட்டுக்கு 'ரொமான்டிஷ ஷ்ட்ராஸ', அதாவது ரொமான்டிக் சாலை என்று பெயர். வூர்ஸ்பூர்க் முதல் ஃபூஸென் வரை ஏறக்குறைய 460 கிலோமீட்டர், வழி நெடுகப் பழுப்பு நிறப் பலகைகள் இருக்கும். பெயரைக் கேட்டு ஏதோ ராஜபாட்டை என்று நினைக்க வேண்டாம். போருக்குப் பிறகு, 1950-இல், சுற்றுலாவுக்காகச் சேர்த்துக் கட்டிய பெயர். பலகையைப் பிடித்துக்கொண்டே போனால் பீட்ரூட் வயலும் டிராக்டரும்தான் அதிகம் தெரியும். எனக்கு அது பிடிக்கும். உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வூர்ஸ்பூர்க்கில் ஆயர்-இளவரசரின் (ஊரை ஆண்ட பிஷப்பின்) அரண்மனையைத் தவறவிடாதீர்கள். 1945 மார்ச் 16 அன்று இரவு இருபது நிமிடக் குண்டுவீச்சில் ஊரே எரிந்தது. ஆனால் அரண்மனைப் படிக்கட்டுக்கு மேலே கட்டடக் கலைஞர் பால்தசார் நொய்மன் தூணில்லாமல் கட்டிய கல் விதானம் விழவில்லை. அதில் இத்தாலிய ஓவியர் தியெபொலோ வரைந்த ஓவியம் அறுநூறு சதுர மீட்டருக்கும் மேல். நான்கு கண்டங்களில் ஆசியா எது என்று கழுத்தை வளைத்துத் தேடுங்கள். யானை மேல் உட்கார்ந்திருப்பவள்தான்.

சென்னையிலிருந்து: இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் போதுமா?

கூடவே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆர்.டி.ஓ.விலேயே கிடைக்கும், அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். அதை மட்டும் கொண்டுவந்து அசல் உரிமத்தை வீட்டில் விட்டுவிட்டால் பயனில்லை, இரண்டும் கையில் வேண்டும். வாடகைக் கம்பெனிகள் பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும். அண்ணன் கார்டு, தம்பி ஓட்டுவார் என்றால் கவுன்டரில் சிக்கல். கியர் பழக்கம் விட்டுப்போனவர்கள் முன்பதிவிலேயே ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிடுங்கள்.

திருச்சியிலிருந்து: இருபது வருடமாக இடது பக்கம் ஓட்டிய கை. ஆட்டோபானை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஆட்டோபான் என்ற விரைவுச்சாலைதான் சுலபம். எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். வலது தடத்தில் 110-இல் போங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வேக வரம்பில்லாத பகுதிகளிலும் 130 என்பது பரிந்துரை. முந்துவது இடது பக்கம் மட்டுமே. முந்தியதும் வலதுக்குத் திரும்பிவிடுங்கள். கண்ணாடியில் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த கார் மூன்று நொடியில் பின்னால் நிற்கும். நெரிசலில் வண்டிகள் மெதுவாகும்போதே இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இன்னும் இடதுக்கும், மற்றவர்கள் வலதுக்கும் ஒதுங்கி ஆம்புலன்ஸுக்கு வழிவிட வேண்டும். சைரன் கேட்ட பிறகு அல்ல, அதற்கு முன்பே.

நம்மவர்கள் தடுமாறுவது சின்ன ஊர்த் தெருவில்தான். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. அவர் வருவது சந்து போல இருக்கும், நீங்கள் போவது பெரிய தெரு போல இருக்கும், ஆனாலும் நின்றாக வேண்டும். மஞ்சள் சாய்சதுரப் பலகை பார்த்தால் முன்னுரிமை உங்களுக்கு. இன்னொன்று: ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையே வேக வரம்புப் பலகையும்கூட. அதைத் தாண்டிய கணத்தில் 50. தனியாக 50 என்று எழுதி வைக்கமாட்டார்கள். கேமரா மட்டும் வைத்திருப்பார்கள்.

பெங்களூருவிலிருந்து: ரோத்தன்பூர்க் வெறும் சுற்றுலாக் கடைவீதி, போகாதே என்கிறார்கள். உண்மையா?

காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை உண்மை. சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு அது வேறு ஊர். அதனால்தான் மதிலுக்குள்ளேயே ஓர் இரவு தங்கச் சொல்கிறேன். சாயங்காலம் சந்தைத் திடலில் இரவுக் காவலர் வேடத்தில் ஒருவர் விளக்கும் ஈட்டியுமாக வந்து ஆங்கிலத்தில் கதை சொல்லி ஊர் சுற்றிக் காட்டுவார். வேடிக்கைதான், ஆனால் தரமான வேடிக்கை.

இவ்வளவு பழமை எப்படித் தப்பியது என்றால், பாதுகாத்ததால் அல்ல, ஏழ்மையால். முப்பதாண்டுப் போருக்குப் பிறகு ஊர் நொடித்தது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. அப்படியே உறைந்துபோனதை 19-ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து 'கண்டுபிடித்தார்கள்'. 1631-இல், அந்தப் போரின்போது, ஊரைப் பிடித்த டில்லி என்ற தளபதி, மூன்றே கால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் யாராவது குடித்தால் விட்டுவிடுகிறேன் என்றாராம், முன்னாள் மேயர் ஒருவர் குடித்துக் காட்டினாராம். அது கதை. நடந்தது வேறு: 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் கிழக்குப் பகுதி அழிந்தது. அங்கே மதிலின் மேல் நடக்கும்போது கல்லில் பெயர்கள் தெரியும். திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்கள், உலகம் பூராவிலிருந்தும்.

புனித யாக்கோபு தேவாலயத்தில் மாடிக்கு ஏறிப் போங்கள், பலர் கீழேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சிற்பி ரீமன்ஷ்னைடர் லிண்டன் மரத்தில் செதுக்கிய பீடம் அங்கேதான். கடைசி இராப்போசனக் காட்சியில் நடுவில் நிற்பது யேசு அல்ல, யூதாஸ். 'ஷ்னேபால்' என்று பந்து மாதிரி ஒரு பலகாரம் தெருவெல்லாம் விற்கும். ஒன்று வாங்கி நான்கு பேர் பகிருங்கள், போதும்.

சிங்கப்பூரிலிருந்து: மதிலுக்குள் ஹோட்டல் எடுத்தால் காரை என்ன செய்வது?

பெரும்பாலான ஊர்களில் மதிலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம் இருக்கும். பெட்டியை உருட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் உள்ளே வந்துவிடலாம். கல் பாவிய தெரு, சக்கரப் பெட்டி கடகடவென்று ஊரையே எழுப்பும், அதனால் சின்னப் பெட்டியாக இருக்கட்டும். பெட்டியை இறக்க உள்ளே வரலாமா என்று ஹோட்டலில் முன்பே கேளுங்கள். கூகுள் வழிகாட்டி சொன்னது என்று சந்தைத் திடலுக்குள் ஓட்டிப் போகாதீர்கள்.

சில இடங்களில் காசு வேண்டாம், வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டைக் கடிகாரம் வைத்தால் போதும் என்று பலகை இருக்கும். வாடகைக் காரின் கதவுப் பையில் அந்த அட்டை பொதுவாக இருக்கும். வந்த நேரத்தை அப்படியே வைக்கக் கூடாது, அடுத்த அரை மணிக்குத் திருப்ப வேண்டும். 10.10-க்கு வந்தால் 10.30. என் முதல் வருடத்தில் அட்டையைத் திருப்பாமலேயே காரை விட்டுவிட்டுக் கோபுரம் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது வைப்பருக்கு அடியில் சீட்டு இருந்தது. காப்பி குடிக்க வைத்திருந்த காசு அதற்குப் போனது.

மதுரையிலிருந்து: அம்மா சுத்த சைவம். என்ன சாப்பிடுவார்?

முட்டை சேர்த்துக்கொள்வாரா என்பதுதான் முதல் கேள்வி. 'கேஸெஷ்பெட்ஸில' என்று பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும் போட்ட மாவு உணவு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்த மாவில் முட்டை இருக்கும். முட்டையும் கூடாது என்றால் பிரெட்செல் என்ற முறுக்கு மாதிரி வளைத்த ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கோடு 'குவார்க்' என்ற தயிர் மாதிரி ஒன்று, இத்தாலிய உணவகத்தில் பீட்சா. ஏமாற்றுவது உருளைக்கிழங்குதான்: வறுவலில் பன்றிக் கொழுப்புத் துண்டு இருக்கும், தென் ஜெர்மனியின் உருளைக்கிழங்கு சாலட்டை இறைச்சிச் சாற்றில் ஊற வைப்பார்கள். "ஓன ஃப்ளைஷ், ஓன ஷ்பெக்" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். இறைச்சி வேண்டாம், கொழுப்புத் துண்டு வேண்டாம் என்று பொருள். சமையலறை உள்ள விடுதி எடுத்தால் இன்னும் நல்லது. ஞாயிறு கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிடுங்கள்.

துபாயிலிருந்து: ஏழு வயதுப் பையன். குழந்தை இருக்கை வேண்டுமா?

வேண்டும். 12 வயதோ 150 சென்டிமீட்டர் உயரமோ ஆகும் வரை கட்டாயம். முன்பதிவில் சேர்த்துவிடுங்கள்.

லண்டனிலிருந்து: வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்து ஆக்கள் நாங்கள். எங்கட காரிலயே வாறம். ஹாம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போற வழியில பார்க்கப் பழைய ஊர் ஏதும் இருக்கோ?

வணக்கம். ஜெர்மனியின் மேற்கில் இருக்கும் ஹாமுக்குப் பக்கத்திலேயே ஸோஸ்ட் இருக்கிறது, அரை மணி நேரம்தான். பச்சை மணற்கல்லில் கட்டிய தேவாலயங்கள், மிச்சமிருக்கும் பழைய மதில். அங்கே வீஸன்கிர்ஷ என்ற தேவாலயத்தின் கண்ணாடி ஓவியத்தில் இராப்போசன மேசையில் அந்தப் பகுதியான வெஸ்ட்ஃபாலியாவின் ஊர்ச் சாப்பாடு வைத்திருப்பார்கள்: பன்றித் தொடை, கறுப்பு ரொட்டி, பியர். சிரிப்பு வரும். கோயில் உங்களுக்குத் தெரியாததல்ல. இலங்கைத் தமிழர்கள் கட்டி 2002-இல் கும்பாபிஷேகம் செய்த கோயில், தேர்த் திருவிழாவுக்குப் போனால் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், சீக்கிரம் போங்கள்.

உங்கள் காருக்கு இரண்டு விஷயம். பல நகரங்களின் மையப் பகுதிக்குள் நுழைய வெளிநாட்டு வண்டிக்கும் புகை மாசு குறைவு என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் தேவை, கிளம்பும் முன்பே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியின் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி ஒட்டும் வில்லையும் வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து: பவேரியா பார்த்தாயிற்று. இரண்டாவது முறை வருகிறோம், வேறு எங்கே?

ஹார்ட்ஸ் மலை. கோஸ்லார், வெர்னிகெரோட, க்வெட்லின்பூர்க் மூன்றும் மலையின் வடக்கு அடிவாரத்தில் வரிசையாக இருக்கின்றன. க்வெட்லின்பூர்க்கில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் மரச்சட்ட வீடுகள். நேராக நிற்பவை கொஞ்சம்தான், மற்றவை ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் பல வீடுகள் இடிய இருந்தன. 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ரோத்தன்பூர்க்கின் கூட்டத்தில் பாதிகூட இருக்காது.

அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஹாலே. அழகான ஊர் என்று சொல்லமாட்டேன், ஆனால் தமிழர்கள் போக வேண்டிய இடம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு படித்தது இங்கேதான். தமிழ் எழுத்து அச்சுகள் இங்கிருந்துதான் கப்பலில் போயின. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானது. ஊரில் உள்ள பழைய கல்வி நிறுவனமான ஃப்ராங்க நிறுவனத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அங்கேயே மாடியில் உள்ள பழைய அதிசயப் பொருள் கூடத்தையும் பாருங்கள்.

சேலத்திலிருந்து: எந்த மாதம்?

மே, செப்டம்பர். கிறிஸ்துமஸ் சந்தைக்காக டிசம்பர் என்றால் நாலரை மணிக்கே இருட்டிவிடும், பனிக்கால டயர் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: நோர்ட்லிங்கெனை ஏன் இவ்வளவு தூக்கி வைக்கிறீர்கள்? அப்பாவுக்கு முழங்கால் வலி, கோபுரம் ஏற முடியாது. போய்ப் பயனுண்டா?

உண்டு. சுமார் ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முன் விண்கல் விழுந்து உண்டான, 25 கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்குள் இருக்கும் ஊர் அது. எரிமலை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1960-இல் ஷூமேக்கர், சாவோ என்ற இரண்டு அறிவியலாளர்கள் விண்கல் மோதிய அழுத்தத்தில் உருவாகும் கனிமத்தைக் கண்டுபிடித்து நிரூபித்தார்கள். 1970-இல் அப்பல்லோ 14 வீரர்கள் நிலவுப் பாறையை அடையாளம் காணப் பழக இங்கே வந்தார்கள். ஊர்த் தேவாலயமே அந்த மோதலில் உருகிக் கலந்த கல்லில் கட்டியது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள் உண்டு.

அந்தத் தேவாலயத்தின் டேனியல் கோபுரத்துக்கு 350 படி. நீங்கள் ஏறுங்கள், வட்டமான ஊர் மேலிருந்து தெரியும். மதிலைச் சுற்றி 2.7 கிலோமீட்டர், விட்டுப் போகாமல் முழுவதும் நடக்கலாம். அப்பாவுக்கு இரவு பத்து மணிதான் நல்ல நேரம். 1440-இல் லஞ்சம் வாங்கிய காவலர்கள் எதிரிக்காகக் கதவைத் தாழிடாமல் விட, ஒரு பன்றி உரசித் திறந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது என்று கதை. அன்றிலிருந்து கோபுரக் காவலர் "ஸோ, க்ஸெல், ஸோ" என்று கூவுகிறார். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அரை மணிக்கு ஒரு தரம். அப்பாவைக் கோபுரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார வையுங்கள், 90 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து குரல் கீழே வந்துவிடும்.