பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: எடை குறைந்த சாட் கிளையண்ட் எது?

2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், லினக்ஸ், டெர்மினலிலேயே (கட்டளை தட்டும் எழுத்துத் திரை) பேச வேண்டும், எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளையண்டை, அதாவது பேசப் பயன்படும் செயலியை, அப்புறம் பார்க்கலாம். முதலில் யாரோடு பேசப் போகிறீர்கள்?

வாட்ஸ்அப்பில் இருக்கும் சொந்தக்காரர்களோடு என்றால், என்சாட் என்று ஒன்று இருக்கிறது. டெலிகிராமையும் வாட்ஸ்அப்பையும் டெர்மினலில் காட்டும். ஆனால் வெளியார் எழுதிய செயலிகளை வாட்ஸ்அப் ஏற்பதில்லை, கணக்கை முடக்கவும் செய்யும். என் முக்கியமான எண்ணை அதில் போட மாட்டேன்.

மென்பொருள் ஆட்களோடு என்றால் ஐஆர்சி போதும். 1988ல் ஃபின்லாந்தில் பிறந்த அரட்டை நெறிமுறை, அதாவது செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதி. 2021ல் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையமைப்பில் நிர்வாகச் சண்டை வந்து கூட்டம் லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்புக்குக் கிளம்பியபோது, சர்வர் முகவரியை மாற்றி, பெயரை மறுபடி பதிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். கிளையண்ட் அதே பழைய கிளையண்ட். நெறிமுறை திறந்ததாக இருந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் கிளையண்ட் எவ்வளவு சின்னது, நிரல் எத்தனை வரி என்பதை நான் இரண்டாவதாகவே பார்ப்பேன்.

ஐஆர்சிக்கு என் தேர்வு இர்ஸி என்ற கிளையண்ட். 1999ல் டிமோ சிரைனென் எழுதியது (டவ்காட் மெயில் சர்வரும் அவர் கைவேலைதான்). ஆல்ட்டோடு எண்ணை அழுத்தினால் சாளரம் மாறும். உள்ளே வந்தார், வெளியே போனார் என்று ஓடும் வரிகள் எரிச்சலூட்டினால் இக்னோர் கட்டளையில் ஜாயின்ஸ், பார்ட்ஸ், க்விட்ஸ் மூன்றையும் கொடுத்து விடுங்கள். வீசாட் (WeeChat என்ற இன்னொரு ஐஆர்சி கிளையண்ட், சீன WeChat அல்ல) இதில் இன்னும் கெட்டி: கொஞ்ச நேரத்துக்கு முன் பேசியவர் போனால் மட்டும் காட்டும், மற்றவர்களை மறைக்கும். எதை எடுத்தாலும் லேப்டாப்பில் ஓட்டாதீர்கள். மூடி வைத்தால் தொடர்பு போய்விடும், இடையில் வந்த பேச்சும் போச்சு. எப்போதும் ஓடும் ஒரு சர்வரில் டிமக்ஸுக்குள் (நீங்கள் வெளியேறினாலும் நிரலை ஓடவிடும் கருவி) வைத்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வழியாக எட்டிப் பாருங்கள். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி கூடப் போதும், கரண்ட் போகாத வரை.

இன்னும் குறைவாக வேண்டுமென்றால் சின்னச் சின்ன நிரல்களை எழுதும் சக்லெஸ் குழுவினரின் 'ஐஐ' என்ற ஐஆர்சி கிளையண்ட் இருக்கிறது. அதற்குத் திரையே கிடையாது. ஒவ்வொரு சேனலுக்கும் (அரட்டை அறைக்கும்) ஒரு கோப்பகம், அதற்குள் 'இன்', 'அவுட்' என்று இரண்டு கோப்புகள். எக்கோ கட்டளையால் 'இன்'னுக்குள் எழுதினால் செய்தி போகும். டெயில் கட்டளையால் 'அவுட்'டின் கடைசி வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு ஓடும். கிரெப், ஆக் போன்ற எழுத்து தேடும் கட்டளைகள் எல்லாம் அப்படியே வேலை செய்வதால் சின்ன பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுத இதைவிடச் சுகம் இல்லை. பேச்சைப் பிறர் படிக்காதபடி மறைக்கும் மறையாக்கம் மட்டும் உள்ளே கிடையாது, அதைச் செய்யும் எஸ்டனல் மாதிரி நிரல் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். அதே ஆட்களின் 'சிக்' என்ற கிளையண்ட் 250 வரிக்கும் குறைவு. சி நிரல்மொழி படிப்பவர்கள் பிரித்துப் பார்க்க அருமை, தினமும் பேச அது வேண்டாம்.

தமிழில் தட்டப் போகிறீர்களா? அப்படியானால் டெர்மினலில்தான் சிக்கல். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போடும் எஸ்டி போன்ற டெர்மினலில் 'கொ' மாதிரி எழுத்துகள் பிய்ந்து நிற்கும், கர்சர் வேறெங்கோ இருக்கும். எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் பரவாயில்லை. தமிழ்தான் அதிகம் என்றால் டெர்மினலை விட்டுவிட்டு எக்ஸ்எம்பிபி (இன்னொரு திறந்த அரட்டை நெறிமுறை) கணக்கு ஒன்று எடுத்து, அதற்கான சாளரச் செயலியான டினோவைப் போடுங்கள். எழுத்து ஒழுங்காக வரும், 2 ஜிபியிலும் தாராளமாக ஓடும்.