மூளைப் புற்றுக்கு நானோ மருந்து: காத்திருக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் என் அண்ணனுக்கு 52 வயது. வலிப்பு வந்து, வேலூரில் மூளைக் கட்டியை அகற்றினார்கள். பயாப்சியில் நான்காம் நிலை கிளையோபிளாஸ்டோமா என்று வந்திருக்கிறது. கதிர்வீச்சுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். புற்றுச் செல்லை மட்டும் தேடி அழிக்கும் நானோ மருந்து வந்துவிட்டதாக உறவினர் சொல்கிறார். அதற்காகக் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. குறித்த தேதியிலேயே கதிர்வீச்சு தொடங்கட்டும்.

உறவினர் சொன்னது முழுக்கத் தவறன்று. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி அமைந்திருப்பதால், நஞ்சு மட்டுமல்ல, பெரும்பாலான புற்றுநோய் மருந்துகளும் உள்ளே நுழைய முடிவதில்லை. அந்தத் தடையைக் கடக்கவே நானோ துகள்களை ஆராய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்தாயிரம் துகள்களை வரிசையாக வைத்துவிடலாம், அவ்வளவு சிறியவை. இரும்புச்சத்தை மூளைக்குள் கொண்டுசெல்லும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைத் துகளின் மேல் பூசினால், அதற்கென உள்ள வழியிலேயே மருந்தும் உள்ளே போகிறது. எலிகளில் கட்டி சுருங்கியிருக்கிறது. ஆனால் ஊசியில் செலுத்திய துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. கட்டியைத் தாண்டி நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவிய செல்களைச் சென்றடைவது இன்னும் கடினம். ஐரோப்பாவில் 2010இல் அனுமதி பெற்ற இரும்பு ஆக்சைடு துகள் சிகிச்சைகூட, துகள்களைக் கட்டிக்குள் நேரடியாகச் செலுத்திக் காந்தப்புலத்தால் சூடாக்கும் முறைதான். அதையும் கதிர்வீச்சுடன் சேர்த்தே சோதித்தார்கள்.

கைவசம் உள்ள சிகிச்சைக்கு உறுதியான சான்று இருக்கிறது. கதிர்வீச்சுடன் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் கொடுத்தபோது, இரண்டு ஆண்டுகள் கடந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரிலிருந்து இருபத்தாறு பேருக்கு மேல் உயர்ந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. முழுக் குணம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்தக் காலத்தை இழந்துவிடக் கூடாது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை 1949இல் வேலூர் சி.எம்.சி.யில்தான் தொடங்கியது, இதற்காக நீங்கள் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை.

கதிர்வீச்சு பொதுவாக ஆறு வாரம் நடக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில், வாந்தியைத் தடுக்கும் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து, உடைக்காமல் விழுங்க வேண்டும். இரத்தத் தட்டணுக்கள் குறையக்கூடும் என்பதால் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மூளை வீக்கத்துக்காக டெக்சாமெதாசோன் கொடுத்திருந்தால் சர்க்கரை அளவைக் கவனியுங்கள். அதைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

பயாப்சி அறிக்கையில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுப் பரிசோதனையின் முடிவு உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டெமோசோலமைடு எந்த அளவு பயன்தரும் என்பதை அது ஓரளவு உணர்த்தும். அண்ணனுக்குப் பொருந்தும் நானோ மருந்து ஆய்வு எங்கேனும் நடக்கிறதா என்பதையும் அவரிடமே கேட்கலாம். முறையான ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். பதிவு எண்ணைக் காட்டாமல் நானோ சிகிச்சை என்று சொல்லி இலட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் அண்ணனை அழைத்துப் போகாதீர்கள்.