லேத் பட்டறைக்காரர் பெயரில் ஓர் உதவித்தொகை

அன்புள்ள ஐயா,

என் அப்பா இங்கே கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் 38 வருடம் டர்னராக, அதாவது இரும்பைக் கடைபவராக, இருந்தார். ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) படித்தவரில்லை, எடுபிடியாகப் போய், பக்கத்தில் நின்று பார்த்தே தொழில் கற்றவர். போன மாசியில் தவறிவிட்டார். நானும் தங்கையும் மூன்று லட்சம் ஒதுக்கி, அவர் பெயரில் வருடாவருடம் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு உதவித்தொகை தரலாம் என்றிருக்கிறோம். சொந்தக்காரர்களோ, இன்ஜினியரிங் காலேஜில் முதல் மார்க்குக்குக் கொடுத்தால்தான் பெயர் நிற்கும் என்கிறார்கள். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்பே இலவசம், அப்புறம் எதற்குப் பணம் என்றும் ஒரு கேள்வி. அப்பா அளவு பார்த்த வெர்னியர் கருவி தகரப் பெட்டியில் அப்படியே இருக்கிறது. உங்கள் யோசனை வேண்டும்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் சொந்தக்காரர்கள் கேட்டதில் பாதி சரி. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, வரைபடக் கருவி எல்லாம் அரசே தருகிறது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியிலிருந்து வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் தனியாக வருகிறது. ஆகவே ‘கட்டணம் கட்ட உதவி’ என்று ஆரம்பித்தால் உங்கள் பணத்துக்கு அங்கே வேலையே இருக்காது.

பிறகு எங்கே இடிக்கிறது? ஃபிட்டர் பிரிவின் ஆரம்ப மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு அரம், வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் ஓர் இரும்புத் துண்டு. ராவ வேண்டும். ராவி முடித்ததும் ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவு. உள்ளங்கை காய்த்துப்போகும். இதே நேரத்தில் கூடப் படித்தவன் சாப்பாடு டெலிவரிக்குப் போய்ப் புது போனோடு வந்து நிற்பான். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அக்காவுக்குச் சீர் செய்ய வேண்டும் என்று ஏதாவது ஒன்று வந்தால் போதும். எனக்குத் தெரிந்த பயிற்றுநர் ஒருவர் சொல்வார்: “தீபாவளிக்கு ஊருக்குப் போறவன் பொங்கலுக்குள்ள திரும்பி வந்துட்டா, அவன் பாஸ் பண்ணிருவான் சார்.”

அந்தத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் உங்கள் அப்பாவின் பெயர் அவனிடம் போய்ச் சேர வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்க்காதீர்கள். யார் நிற்கப் போகிறான் என்பது பயிற்றுநருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்.

இன்னோர் இடமும் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். படிப்பு முடித்தவனுக்கு ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இடம் கிடைக்கும். ஆனால் நிறுவனம் தரும் முதல் மாத உதவித்தொகை கைக்கு வருவதற்குள் ரூம் அட்வான்ஸ், மெஸ் காசு, ஒரு பாய், ஒரு பக்கெட். இதற்குப் பதினைந்தாயிரம் புரட்ட முடியாமல் உள்ளூர் வெல்டிங் கடையிலேயே தங்கிவிட்ட ஒருவனை எனக்குத் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறான், குறை சொல்லவில்லை. போயிருக்கலாம், அவ்வளவுதான்.

பணக் கணக்குக்கு வருகிறேன். மூன்று லட்சத்தை வங்கியில் போட்டு வட்டியை மட்டும் தொடுவது என்று வையுங்கள். ஏழு சதவீதம் என்றால் வருடத்துக்கு 21,000. அதை இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். ஒரு சால்வைச் செலவு. முதலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வருடம் 30,000 எடுங்கள். அப்படியும் 15 வருடம் ஓடும். இரண்டு பேருக்கு மேல் பிரிக்காதீர்கள். அறக்கட்டளை பதிவு, நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி எல்லாம் இந்தத் தொகைக்கு வீண் அலைச்சல் என்பது என் எண்ணம். முதல் இரண்டு வருடம் நீங்களே நேரில் கொடுத்துப் பாருங்கள்.

நேரில் என்றால் மேடையில் அல்ல. ஒருமுறை இப்படி ஒரு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள் (எந்த ஊர் என்பது வேண்டாம்). சிறப்பு விருந்தினர் வர இரண்டரை மணி நேரம் தாமதம். கதவு அகலத்துக்கு ஒரு அட்டைக் காசோலையைப் பிடித்தபடி ஒரு பையன் நின்றான். தொகை இரண்டாயிரம். ராத்திரி பேக்கரி வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்ததாகவும், சம்பளத்தில் எண்ணூறு பிடிப்பார்கள் என்றும் போட்டோ எடுக்கும்போதே மெதுவாகச் சொன்னான். நானும் அந்தப் போட்டோவில் சிரித்துக்கொண்டு இருக்கிறேன்.

இன்ஜினியரிங் காலேஜ் பற்றி: முதல் மார்க்குக்குப் பரிசு தர அங்கே ஏற்கெனவே வரிசை நிற்கிறது. உங்கள் அப்பா அங்கே யாருக்கும் தெரியாத ஒரு பெயர். டர்னர் பிரிவிலோ, 38 வருடம் லேத்தில் நின்றவர் என்றால் பையன்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதனால் அறிவிப்பில் ‘அமரர்’, ‘தெய்வத்திரு’ என்பதோடு நிறுத்தாமல், என்ன மெஷின் ஓட்டினார், என்ன பாகம் கடைந்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அப்புறம் அந்த வெர்னியர். கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு தாடையையும் மூடிப் பாருங்கள். பூஜ்யமும் பூஜ்யமும் நேருக்கு நேர் நின்றால் முதல் வருடப் பையனிடம் கொடுத்துவிடலாம். நிற்கவில்லை என்றால் வீட்டிலேயே இருக்கட்டும், புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். தப்பாக அளக்கிற கருவியைச் சின்னப் பையன் கையில் கொடுத்தால் உங்கள் அப்பாவே திட்டுவார்.