சின்னக் கள்ளிகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றுவது?

வாரக் கணக்கே வேண்டாம். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் பொறுங்கள். காய்ந்து வந்தால் அடி ஓட்டையில் ஒழுகும் வரை தாராளமாக ஊற்றுங்கள். ஸ்பூன் கணக்கில் ஊற்றினால் மேல்மண்தான் நனையும், அடிவேர் காய்ந்துவிடும். அப்புறம், தொட்டியில் ஓட்டை இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: செடியின் அடி கருத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

தலைப்பகுதி கெட்டியாக இருந்தால் முடியும். கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய பரப்பின் நடுவில் ஒரு வளையம் தெரியும். அதில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னும் மேலே சீவ வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடையுங்கள். நான் மாமில்லேரியா என்ற சின்னக் கள்ளி ஒன்றை ஏழு தடவை சீவினேன். கடைசியில் எலுமிச்சம்பழம் அளவு தலைதான் மிஞ்சியது. நிழலில் பத்து நாள் காயவைத்து, உலர்ந்த மணலின் மேல் சும்மா உட்கார வைத்தேன். இன்னும் இருபது நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தால், அடியில் வெள்ளை நூல்போல மூன்று வேர்கள்! அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.

அடி பழுப்பாகி, ஆனால் மரப்பட்டைபோல் கெட்டியாக இருந்தால் அது வயசு. கத்தியை எடுக்காதீர்கள்.

கேள்வி: உச்சியில் சிவப்புப் பந்து உள்ள கள்ளி எத்தனை நாள் வாழும்?

அது ஒட்டுக்கட்டிய இரண்டு செடிகள். மேலே இருக்கும் பந்து ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளி; அதில் பச்சையமே இல்லை, தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்க முடியாது. கீழே உள்ள மூன்று பட்டைத் தண்டு டிராகன் பழத்தின் இனம், அதுதான் சோறு போடுகிறது. எனவே தண்டுக்கு வெளிச்சம் படட்டும். பெரும்பாலும் சில வருடங்கள்தான் இருக்கும். பந்து நன்றாக இருக்கும்போதே வேறு தண்டில் மாற்றி ஒட்டலாம்.

கேள்வி: கிள்ளினால் பால் வடிகிறது. எந்த வகைக் கள்ளி?

பால் வந்தால் அது பெரும்பாலும் கேக்டஸ் இல்லை, யூஃபோர்பியா என்ற வேறு இனம். தமிழில் சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி எல்லாமே கள்ளிதான். ஆனால் சதுரக்கள்ளி யூஃபோர்பியா, சப்பாத்திக்கள்ளி கேக்டஸ். முள் கிளம்பும் இடத்தில் பஞ்சுமெத்தைபோல் ஒரு புள்ளி இருந்தால்தான் கேக்டஸ். அந்தப் பால் கண்ணில் படவே கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: தண்ணீர் தேங்காமல் இருக்கத் தொட்டியின் அடியில் சரளைக்கல் போடுகிறேன். சரிதானே?

வேண்டாம். ஈரம் வேருக்குப் பக்கத்தில்தான் ஏறும்.

கேள்வி: இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது வருடமாகச் சரளை போடுகிறேன், ஒன்றும் அழுகவில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். பாத்திரம் தேய்க்கும் செவ்வகப் பஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். பஞ்சின் அடியில் எப்போதும் ஒரே உயரத்துக்குத்தான் நீர் தங்கும், பஞ்சு உயரமானால் மீதி வடிந்துவிடும். மண்ணும் அப்படியே. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் சுலபத்தில் சரளைக்குள் இறங்காது, எல்லையிலேயே நிற்கும். சரளை போட்டால் மண்ணின் உயரம் குறைகிறது, நீர் நிற்கும் அடுக்கு அப்படியே மேலே ஏறுகிறது.

கேள்வி: சரளை இல்லாவிட்டால் ஓட்டை வழியே மண் கொட்டுமே?

ஒரு துண்டு வலை போதும்.

கேள்வி: என் கண்ணாடிக் கிண்ணத்தில் ஓட்டை இல்லை. அதற்காவது சரளை உதவுமா?

உதவாது. மேலே பார்த்தால் காய்ந்திருக்கும், அடியில் வேர் மூச்சுமுட்டும். ஓட்டையுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முள்ளுக்கிடையில் வெள்ளைப் பஞ்சு. தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

தினமும் வேண்டவே வேண்டாம், முதல் பதில். அந்தப் பஞ்சு பெரும்பாலும் மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையில் தொட்டுத் தடவுங்கள், வெயிலில் வேண்டாம். செடியை உருவி வேரையும் பாருங்கள், அங்கேயும் ஒளிந்திருக்கும்.

கேள்வி: பந்தாக இருந்த செடி உச்சியில் ஒல்லியாக, வெளிறி நீள்கிறது.

வெளிச்சம் போதவில்லை. நீண்டது திரும்பக் குண்டாகாது. இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள். ஒரே நாளில் வைத்தால் தோல் வெந்துவிடும்.

கேள்வி: சரளைக்காரன்தான். பஞ்சை நிமிர்த்தினேன், நீங்கள் சொன்னபடி கொட்டியது. ஆனாலும் என் செடிகள் நன்றாகத்தானே இருக்கின்றன? என் கலவையில் பாதிக்கு மேல் பருமணல்.

அந்தப் பருமணல்தான் காப்பாற்றியிருக்கிறது. அதில் நீர் நிற்கும் அடுக்கு மெல்லியது. இருக்கிற தொட்டிகளைக் கலைக்காதீர்கள். அடுத்து மாற்றும் ஒரே ஒரு செடிக்குச் சரளையை விட்டுவிட்டு, அதே கலவையை அடிவரை நிரப்பிப் பாருங்கள். மாற்றியபின் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம், அறுந்த வேர் காயட்டும்.