காலையில் எழுந்து அவர் என்ன செய்திருப்பார்?

அன்புள்ள ஐயாவுக்கு,

திருவிதாங்கூரின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். 1991 முதல் 2013இல் இறக்கும் வரை அவரை மகாராஜா என்றே அழைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாள்கூட நாடு ஆளாத ஒருவருக்கு அந்தப் பெயர் எதற்கு? காலையில் எழுந்து அவர் என்னதான் செய்திருப்பார்?

எனக்கு இதில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. என் அம்மப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரிய போடியார், நிறைய வயல் வைத்திருந்தவர். இலங்கையின் 1972ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தோடு வயலில் பெரும்பகுதி போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் பெரிதாக யாரோடும் பேசியதில்லை என்று அம்மா சொல்வார். சாகும்வரை கோயில் வண்ணக்கராக மட்டும் இருந்தார், அதாவது கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பாளராக. அவருக்கு யாரும் மானியம் தரவில்லை, அவரைப் பற்றி யாரும் எழுதவும் இல்லை. பிறப்பால் கிடைத்ததை இழந்தவர்களுக்காக நாம் ஏன் இரங்க வேண்டும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்னர் மானியத்தை இந்தியா நிறுத்தியது சரி என்பதுதான் என் எண்ணம். ஒருவர் இன்ன வயிற்றில் பிறந்தார் என்பதற்காக ஏழைகளின் வரிப்பணத்தில் அவருக்கு ஆண்டுதோறும் படியளப்பதை எந்தக் குடியரசும் நீண்ட நாள் தாங்காது.

ஆனால் அந்த மானியம் சும்மா வந்ததல்ல. 1947இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. அமைச்சர் வல்லபாய் பட்டேலும் அவருடைய செயலாளர் வி. பி. மேனனும் அவற்றை ஒவ்வொன்றாக இந்தியாவோடு சேர்த்தபோது, நாட்டைக் கொடுத்தவர்களுக்கு எழுத்தில் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். அது அரசியலமைப்பிலேயே 291ஆம் உறுப்புரையாக ஏறியது. மைசூருக்கு ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபா, திருவிதாங்கூருக்கு 18 இலட்சம், கட்டோடியா என்ற மிகச் சிறிய இடத்தின் ராஜாவுக்கு 192 ரூபா. ஆமாம், வருடத்துக்கு 192 ரூபா. ராஜா என்றவுடன் யானையும் வைரமும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள் இந்தத் தொகையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1970இல் இந்திரா காந்தியின் அரசு இதை நிறுத்தச் சட்டமூலம் கொண்டுவந்தது. மக்களவையில் நிறைவேறிய அது மாநிலங்களவையில் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கிலும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. உடனே குடியரசுத் தலைவரின் ஆணையால் மன்னர்களின் அங்கீகாரத்தை எடுத்தார்கள். அந்த ஆணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அப்புறம் தேர்தலில் பெரும் வெற்றி பெற்று வந்து, 1971 டிசெம்பரில் 26ஆவது திருத்தத்தால் மானியத்தையும் பட்டத்தையும் ஒன்றாக முடித்தார்கள். சட்டப்படி அன்றோடு இந்தியாவில் மகாராஜா என்று எவரும் இல்லை.

சரி, அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பணம் போனதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். சிறுவயதிலிருந்து ஒரே ஒரு வேலைக்காக வளர்க்கப்பட்ட மனிதனுக்கு அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போனால் அவன் நாளை எப்படிக் கழிப்பான் என்று கேட்பவர்கள் குறைவு.

ஒடிசாவில் திகிரியா என்ற சிறிய சமஸ்தானத்தின் கடைசி ராஜா பிரஜ்ராஜ் மகாபாத்ரா. இளவயதில் கார், வேட்டை, வேலையாட்கள் என்று வாழ்ந்தவர். 1960இல் அரண்மனையை 75,000 ரூபாவுக்கு அரசுக்கு விற்றார். அது பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆனது. கடைசிக் காலத்தில் மண் வீடொன்றில் தனியாக இருந்தார். ஊர்ச் சனங்கள்தான் சாப்பாடு கொடுத்தார்கள். 2015இல் 94 வயதில் காலமானார். இவருடைய வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், எவரிடம் ஒரு காலத்தில் வரி வாங்கினாரோ அவர்களின் பிள்ளைகள் அவருக்குச் சோறு போட்டார்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மானியம் நின்று நாற்பது வருடம் கழித்தும் அந்தச் சோறு நிற்கவில்லை. அந்த ஊர்ச் சனங்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஐதராபாத்தின் முகர்ரம் ஜா இதற்கு மறுகரை. 1967இல் பாட்டனார் நிஜாம் இறந்தபோது சொத்தும் வழக்குகளும் ஆயிரக்கணக்கான பணியாட்களும் சேர்ந்து அவர் தலையில் விழுந்தன. அவர் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குப் போய் ஆட்டுப் பண்ணை வைத்தார். அங்கே புல்டோசர் ஓட்டுவதில் அவருக்கு மிகுந்த சந்தோஷமாம். அதையும் இழந்து, துருக்கியில் ஒதுங்கி வாழ்ந்து, 2023இல் இஸ்தான்புல்லில் இறந்தார். உடல் மட்டும் ஐதராபாத்துக்கு வந்து மக்கா மஸ்ஜித்தில் அடங்கியது.

இப்போது உத்திராடம் திருநாளுக்கு வருவோம்.

1949இல் திருவிதாங்கூர், கொச்சியோடு இணைந்தபோது அவருக்கு 27 வயது. அதுவரை நாட்டை ஆண்டது அவருடைய அண்ணன் சித்திரைத் திருநாள், 1936இல் எல்லாச் சாதியாருக்கும் கோயில் கதவைத் திறந்துவிட்ட அதே மன்னர். அண்ணன் 1991இல் இறந்தபோதுதான் தம்பி குடும்பத்தின் மூத்தவர் ஆனார். அதற்குள் அப்படி ஒரு பட்டம் சட்டத்தில் இல்லாமல் போய் 20 வருடம் ஆகிவிட்டது.

காலையில் எழுந்து அவர் கோயிலுக்குப் போனார், தம்பி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு, தினமும். 1750இல் முந்திய மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாபருக்கு எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்து திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபதாசர்கள், சுவாமியின் வேலைக்காரர்கள். ஊரில் இருக்கும் நாளில் கோயிலுக்குப் போகாவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். வெளியே வரும்போது பாதத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வருவாராம், சுவாமியின் சொத்தில் ஒரு துகளும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று. 2011இல் அந்தக் கோயிலின் நிலவறைகளைத் திறந்து, உள்ளே கிடந்ததன் மதிப்பு ஓர் இலட்சம் கோடி ரூபா இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதியபோது, அந்த மண்ணைத் தட்டும் வழக்கம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வருடத்தில் இரண்டு முறை ஆறாட்டு, சுவாமி கடலில் நீராடும் விழா. முதல்நாள் இரவு பள்ளிவேட்டை, சுவாமி வேட்டையாடும் சடங்கு. மறுநாள் குடும்பத்தின் மூத்தவர் வெறுங்காலோடு, கையில் வாளோடு, சுவாமிக்கு முன்னால் சங்குமுகம் கடற்கரைக்கு நடக்க வேண்டும். ஊர்வலப் பாதையின் குறுக்கே விமான நிலையத்தின் ஓடுபாதை கிடக்கிறது. அதற்காகப் பாதை மாறவில்லை. அந்த நேரம் விமானங்களை நிறுத்துகிறார்கள். திருக்கோவிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சுவாமி கடலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான காட்சி இல்லை.

அவருக்குப் பிறகு பொறுப்பு யாருக்குப் போனது தெரியுமா? அவர் மகனுக்குப் போகவில்லை. சகோதரியின் மகன் மூலம் திருநாள் ராம வர்மாவுக்குப் போனது. மருமக்கள் வழி. இதை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் ஒரு பந்தி எழுதி விளக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டாம். உங்கள் அம்மப்பா வண்ணக்கராக இருந்தது அவருடைய தாயின் குடியால், தாய்வழியாக வரும் குலத்தால். அவருக்குப் பின் அது உங்கள் மாமாவுக்குப் போயிருக்காது. பெரும்பாலும் அம்மப்பாவின் அக்கா தங்கச்சி மகனுக்குத்தான் போயிருக்கும். கொக்கட்டிச்சோலையில் உலகிப்போடி குடி, கலிங்க குடி, படையாட்சி குடி என்று இன்றைக்கும் குடி சொல்லித்தானே கோயில் காரியம் நடக்கிறது. பழைய ஊர்த் தலைவர்களான விதானைமார் போய் 1963இல் கிராம சேவகர் வந்தார். காணிச் சட்டம் வந்து ஒருவருக்கு வயல் 25 ஏக்கர் என்று வரம்பு கட்டியது. கோயில் மரியாதையாகக் காளாஞ்சி கொடுக்கும்போது குடியின் பெயர் கூப்பிடுவதை எந்தச் சட்டமும் தொடவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இந்த இடத்துக்கே வந்தது. 1971இல் பட்டமே போய்விட்டது, ஆகவே கோயிலைப் பரிபாலிக்கும் உரிமையும் அண்ணனோடு முடிந்துவிட்டது என்பது வழக்கு. கேரள உயர் நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாற்றித் தீர்த்தது. குடும்பம் கோயிலின் உரிமையாளர் இல்லை, ஆனால் பரிபாலனப் பொறுப்பு மன்னர் பதவியோடு சாகவில்லை, வழமைப்படி அடுத்த மூத்தவருக்குப் போகும் என்றது. நான் சொல்ல வந்ததும் இதுதான். அரசு கொடுத்த பட்டத்தை அரசு எடுக்கலாம். சுவாமிக்கு முன்னால் நடக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஊர் நினைக்கும்வரை அந்த ஆளுக்கு வேலை இருக்கும். உத்திராடம் திருநாளுக்கு அந்த வேலை கிடைத்தது. முகர்ரம் ஜாவுக்குக் கிடைக்கவில்லை. என் இரக்கம் முழுவதும் முகர்ரம் ஜா பக்கம்.

'சாகும்வரை கோயில் வண்ணக்கராக மட்டும் இருந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' எனக்குச் சம்மதம் இல்லை. திறப்பு, கணக்கு, கொடியேற்றம், குடிகளுக்கிடையில் வரும் சண்டை, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டிய மனிதர் வண்ணக்கர். வயலை இழந்தவர் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் காலையில் எழுந்து போக அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. வீட்டில் பேசாதவர் அங்கே நிறையப் பேசியிருக்கவும் கூடும்.

அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்கிறீர்கள். நீங்கள் எழுதுங்கள். அம்மா இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எந்த வயல் வட்டையில் எத்தனை ஏக்கர், அவருடைய வயலில் வேலை செய்த முல்லைக்காரர் யார் யார், போகம் முடிந்து அவர்களுக்கு எத்தனை அவணம் நெல் போனது, 1972க்குப் பிறகு அந்தக் காணி யார் கைக்கு வந்தது, அவர்கள் இப்போதும் அதில் விதைக்கிறார்களா என்று. போடியாரைப் பற்றியாவது பேரப்பிள்ளை ஒருவர் கவலைப்படுகிறார். முல்லைக்காரரைப் பற்றி அதுவும் இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினால் இங்கேயே முழுதாகப் போடுகிறேன்.