ஆறு மணி இருட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வயது இருபத்தெட்டு. ஆண்டிறுதி வந்தாலே எனக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பள்ளி நண்பர்கள் வருவார்கள். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரம் பேசுவோம். கடைசியில் ஏதாவது ஒரு பேரங்காடியில் இரவுச் சாப்பாடு. பாதிப் பேர் மழையிலும் நெரிசலிலும் மாட்டி ஒன்பது மணிக்கு வந்து சேர்வார்கள். கேமரன் மலைக்குப் போகலாமென்றால் அறை கிடைப்பதில்லை. நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணமோ என்று தோன்றுகிறது. வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் நம் மலேசியத் தமிழ்க் கதைகளில் மட்டும் மார்கழிப் பனி பெய்துகொண்டே இருக்கிறது. இல்லாத பருவத்தை எழுதுவது பொய்யில்லையா? நீங்கள் இதைப் பற்றி எழுத வேண்டும்.

செந்தூல் வாசகன்

அன்புள்ள தம்பி,

ஆண்டிறுதியைப் பற்றி எழுத வேண்டுமென்று நினைத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதற்குப் பதில்.

கேமரன் மலையை விடுங்கள். விடுமுறை நாளில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில் கார்கள் நகர்வதே இல்லை. பள்ளி திறந்தபின் ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள், அறையும் கிடைக்கும், குளிரும் இருக்கும். கதையில் பனி பெய்தால் அந்தக் கதை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு மேலே நடந்தால் பனி உண்டு, கோலாலம்பூர் பங்சாரில் நடந்தால் கிடையாது. இடம் தெரியாமல் எழுதியவரை நீங்களே ஒதுக்கிவிடலாம், அதற்கு நான் வேண்டியதில்லை.

ஆனால் 'ஒரே வெயில், ஒரே மழை' என்று எழுதினீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை வானத்தை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிய வரி அது. நவம்பரிலிருந்து மார்ச் வரை நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று. தென்சீனக் கடலிலிருந்து அது கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பங்கைக் கிளந்தானும் திரெங்கானுவும் பகாங்கும் வாங்கிக்கொள்கின்றன. தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் மேற்குக் கரைக்கு வேறு கணக்கு. ஒரே டிசம்பரில் கோத்தா பாருவில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும். கோலாலம்பூரில் காலை தெளிந்திருந்து மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். பினாங்கிலோ ஜனவரி, பிப்ரவரியில் புல் காய்ந்து கிடக்கும். 2018 ஜனவரியில் தலைநகரிலேயே சில நாள்கள் வெளுத்த வானமும் குளிர்காற்றுமாக இருந்து, கடைகளில் சுவெட்டரைத் தேடினார்கள். அப்போது உங்களுக்குக் கல்லூரி வயது இருந்திருக்கும். நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கூட்டம் கெடுவதற்குக் குளிர்காலம் இல்லாதது காரணமில்லை. நேரத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள். காலை வெயிலில் நிலம் சூடேறுகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. கிழக்கே மலை நிற்கிறது. போக இடமில்லாமல் மேலே ஏறும் காற்று பிற்பகலுக்குள் இடிமேகமாகிவிடுகிறது. ஆக, மழை இறங்கும் நேரமும் அலுவலகம் விடும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. மழை மிஞ்சினால் ஸ்மார்ட் சுரங்கப்பாதையை வாகனங்களுக்கு மூடி வெள்ளத்தை அதன் வழியே திருப்பிவிடுவார்கள். 2007இல் அதைத் திறந்ததே அதற்காகத்தான். சுரங்கத்தில் போகவேண்டிய வாகனங்களும் அப்போது மேலே உள்ள சாலைக்கு வந்துவிடும். இந்த நேரத்தைப் பார்த்து எட்டு மணிக்குச் சாப்பாடு என்று வைத்தால் நண்பர்கள் எப்படி வந்து சேர்வார்கள்?

காலைக்கு மாற்றுங்கள். டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய 7.10 ஆகிறது, ஜனவரிக் கடைசியில் 7.25ஐத் தாண்டிவிடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து நம் ஆறு மணி முழு இருட்டுதான். கோயிலில் மார்கழிப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கி வெளியே வரும்போதும் விடிந்திருக்காது. மண்ணில் ஈரம் இருக்கும், சாலை காலியாக இருக்கும், வெப்பநிலை 23, 24க்கு இறங்கியிருக்கும். நமக்கு வாய்த்த குளிர்காலம் ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும்தான். அந்த நேரத்தில் போர்வைக்குள் இருந்துவிட்டு, நமக்குப் பருவமே இல்லை என்கிறீர்கள்.

நண்பர்களை வீட்டுக்குப் பசியாறக் கூப்பிடுங்கள். ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். வெண்பொங்கல் செய்யுங்கள், இந்த மாதத்துக்கு அதுதான் பொருத்தம். பத்துப் பேருக்கு அளவு சொல்கிறேன். ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் பச்சரிசி மூன்று, பாசிப்பருப்பு ஒன்றரை. பருப்பை வெறும் சட்டியில் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுங்கள். நிறம் சிவக்கக் கூடாது, சிவந்துவிட்டால் பிறகு எவ்வளவு வெந்தாலும் குழையாது. தண்ணீர் பதினெட்டுக் கப். இது பொன்னிப் பச்சரிசிக்கு. வீட்டில் தாய்லாந்து வாசனை அரிசிதான் இருக்கிறதென்றால் பதினைந்து போதும், அந்த அரிசி குறைந்த தண்ணீரிலேயே குழைந்துவிடும், கூடினால் கஞ்சிதான். பாஸ்மதி வேண்டவே வேண்டாம். உப்பு ஐந்து தேக்கரண்டி, தட்டையாக.

ஐந்து லிட்டர் குக்கர் என்றால் இரண்டு தடவையாக வையுங்கள். நிறைய பேர் இங்கேதான் கெடுக்கிறார்கள். பருப்பு பொங்கி நுரைக்கும், குக்கர் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் அந்த நுரை விசில் துவாரத்தை அடைத்துவிடும். அடுப்பெல்லாம் மஞ்சள் தண்ணீர் வழிவது சின்ன விஷயம், ஆவி வெளியேற வழியில்லாமல் போவதுதான் ஆபத்து. ஒரு கரண்டி நெய்யை ஆரம்பத்திலேயே ஊற்றினால் நுரை அடங்கும். நடுத்தீயில் ஐந்து விசில், பிறகு தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்காதீர்கள்.

தாளிப்பில் கஞ்சத்தனம் கூடாது. நெய் 150 மில்லி, மிளகு இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் இரண்டு, இஞ்சி ஐம்பது கிராம், முந்திரி ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, பெருங்காயம். மிளகில் பாதியை முழுதாகப் போடுங்கள், மீதியை ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். முழு மிளகை மட்டும் போட்டால் காரம் பொங்கலில் இறங்காது, எல்லாரும் தட்டோரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து போவார்கள். முந்திரியை முதலில் வறுத்து எடுத்துவிடுங்கள், மிளகோடு சேர்த்துப் போட்டால் கருகும்.

பொங்கல் ஆற ஆற இறுகும். அடுப்பில் பார்க்கும்போது சரியாக இருப்பது இலைக்கு வரும்போது கட்டியாகியிருக்கும். பரிமாறும் முன் அரை லிட்டர் கொதித்த தண்ணீரை ஊற்றிக் கிளறுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாகப் பிரியும். ஏர்கோனை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறங்கள். ஏர்கோன் குளிரில் நெய் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும், அப்புறம் பொங்கல் கனமான சாப்பாடு என்று பொங்கலின் மேலே பழிபோடுவார்கள். வடையை வீட்டில் சுட வேண்டாம், பக்கத்து ஒட்டுக்கடையில் வாங்குங்கள். பத்துப் பேருக்கு உளுந்து அரைத்துச் சுட்டுக்கொண்டிருந்தால் நண்பர்களோடு எப்போது பேசுவீர்கள்? தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியும் கத்தரிக்காய் கொத்சும். வெளியே எடுத்துப் போவதானால் கொத்சு மட்டும் போதும், இந்தப் புழுக்கத்தில் தேங்காய் மதியத்துக்குள் ஊசிப்போகும். பொங்கலை மூடிய பாத்திரத்தோடு ஐஸ் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் துண்டைத் திணியுங்கள். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும்.

பசியாறிவிட்டுப் போக இடமா இல்லை? உங்கள் செந்தூல் கொமுட்டர் ரயில் நிலையத்திலிருந்து நான்காவது நிலையம் பத்துமலை. தைப்பூசக் கூட்டத்தில் மட்டுமே அந்த 272 படிகளைப் பார்த்தவர்கள், ஒரு சாதாரண டிசம்பர் காலையில் ஏறிப் பார்க்க வேண்டும். கெப்போங்கில் வன ஆய்வுக் கழகத்தின் காடு இருக்கிறது. ஈயம் தோண்டி வெறுமையாகக் கிடந்த நிலத்தில் 1920களிலிருந்து மரம் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே கப்பூர் மரங்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சிக்கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடாமல் விலகி நிற்கும், நடுவில் ஆற்றின் கோடுபோல வானம் தெரியும்.

குளிர்தான் வேண்டுமென்றால் ஃபிரேசர் மலை. தலைநகரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஐந்தரைக்குக் கிளம்பி, கோலக்குபு பாருவில் பசியாறிவிட்டு, அங்கேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே பெட்ரோல் நிலையம் கிடையாது. மலைச்சாலை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே விசாரியுங்கள், மழை மாதங்களில் மண் சரியும். மதியம் ஒரு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு மூடுபனியும் மழையும் வளைவுகளில் ஒன்றாக வரும்.

உலு லங்காட் அருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்த மாதங்களில் அங்கே குளிப்பதானால் காலையில் மட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும், மலை உச்சியில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் அது கெப்பாலா ஆயர், மேலிருந்து திடீரெனப் பாய்ந்து வரும் வெள்ளம். செருப்பையும் கைப்பேசியையும் எடுக்கக் குனியாமல் கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். எடுக்கப் போனவர்கள்தான் திரும்பவில்லை. மலைச்சரிவில் கூடாரம் போட்டு இரவு தங்குவதும் வேண்டாம். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். தூக்கத்தில் இருந்த குடும்பங்கள்.

காலை எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்லமாட்டேன். 2021 டிசம்பர் 17, 18இல் இரவு பகல் பாராமல் பெய்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையில் ஏறி நின்றார்கள். வானிலைத் துறையான மெட்மலேசியா செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தால் பொங்கலை மறுவாரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் இனி யோசனை கேட்காதீர்கள். 'சனிக்கிழமை ஏழு மணி, என் வீடு' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருங்கள். ஜொகூர் நண்பர்கள் வெள்ளி இரவே வந்து உங்கள் வீட்டுக் கூடத்தில் படுக்கட்டும். பாய் போதாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். காலையில் அந்தப் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்.